சேணம் உங்களுக்குப் பொருந்துகிறதா? ஏறுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை பிடித்து வந்தவர்கள், கோவையைச் சுற்றியுள்ள பயிற்சிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள், தோட்டத்தில் ஆசைக்கு ஒரு குதிரை கட்டி வைத்திருப்பவர்கள் என்று பலரும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். குதிரையின் முதுகுக்குச் சேணம் பொருந்துவதைப் பற்றிச் சொல்ல லாயத்துக்கு லாயம் ஆள் உண்டு. ஏறுகிறவரின் இடுப்புக்கும் தொடைக்கும் அது பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் ஏறுபவரைப் பற்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"ஏனுங்க, கடைக்காரரு ட்ரீ, ஃப்ளாப், ட்விஸ்ட்டுன்னு என்னென்னமோ சொல்றாரு. எது எதுக்கு என்ன பேருங்க?"

சேணத்தின் உள்ளே மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஓர் உள்சட்டம் இருக்கிறது. அதுதான் ட்ரீ. மேலே உட்காரும் இடம் இருக்கை. முன்னால் உயர்ந்திருப்பது முன்மேடு, பின்னால் உயர்ந்திருப்பது பின்மேடு. தொடைக்கு அடியில் இரு பக்கமும் தொங்கும் தோல் மடல்தான் ஃப்ளாப். அதன் முன்விளிம்பில் சில சேணங்களில் முழங்காலைத் தடுத்து நிறுத்தும் திண்டு இருக்கும். குதிரையின் முதுகில் படிவது அடிமெத்தை. வயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டுவது வயிற்று வார்.

அங்கவடி என்பது பாதம் வைக்கும் இரும்பு வளையம். அது அங்கவடி வாரில் தொங்குகிறது, வார் மடலுக்கு உள்ளே ஒரு கம்பியில் மாட்டியிருக்கிறது. அந்தக் கம்பி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கால் எங்கே தொங்கும் என்பது முடிவாகும். பின்னால் இது பலமுறை வரும். ட்விஸ்ட் என்பது இருக்கையின் முன்பாதியில் உங்கள் இரு தொடைகளுக்கும் நடுவே வரும் ஒடுக்கமான பகுதி. இங்கே அதை இடுக்கு என்றே எழுதுகிறோம்.

"சேணம் குதிரைக்குத்தானுங்களே பொருந்தோணும்? ஏறுறவனுக்கு எப்படி இருந்தா என்னங்க?"

குதிரைக்குப் பொருந்துவதுதான் முதலில். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏறுபவருக்குப் பொருந்தாத சேணமும் கடைசியில் குதிரையின் முதுகைத்தான் கெடுக்கிறது. இருக்கை சிறிதாக இருந்தால் ஆள் பின்மேட்டின் மேல் ஏறி உட்காருவார். அடிமெத்தை முழுக்கப் பரவ வேண்டிய எடை அதன் பின்னோரத்தில் மட்டும் இறங்கும். குதிரை முதுகை உள்வாங்கி, தலையைத் தூக்கி நடக்கும். உடனே "குதிரைக்குக் குறும்பு" என்று கடிவாளத்தை மாற்றுவார்கள்.

எனவே வரிசை இது: குதிரைக்குப் பொருந்தும் உள்சட்டம், உங்களுக்குப் பொருந்தும் இருக்கை நீளம், இடுக்கு, மடல், கடைசியாக அங்கவடி. வாங்கும்போது இந்த வரிசையில் பாருங்கள். ஏற்கெனவே உள்ள சேணத்தில் வலி வந்தால் தலைகீழாக, அங்கவடியிலிருந்து தொடங்குங்கள். செலவில்லாமல் மாற்றக்கூடியது அது ஒன்றுதான், பல தொல்லைகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

"எனக்கு என்ன சைஸ் இருக்கை வேணும்னு ஊட்லயே கண்டுபுடிக்க முடியுங்களா?"

முடியும். சுவரை ஒட்டி ஒரு பெஞ்சைப் போட்டு, பின்பக்கம் சுவரில் முட்டும்படி நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் தரையில் பதிந்து முழங்கால் நேர்கோணமாக மடங்கியிருக்கட்டும். சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முன்முனை வரை டேப் வைத்து இன்னொருவர் அளக்க வேண்டும். நீங்களே குனிந்து அளந்தால் ஓர் அங்குலம் தப்பும்.

ஆங்கிலப் பாணிச் சேணத்துக்கு அந்தத் தொடை நீளம் 16.5 அங்குலத்துக்குள் இருந்தால் 15 அங்குல இருக்கை. 16.5 முதல் 18.5 வரை 16, 18.5 முதல் 20 வரை 16.5, 20 முதல் 21.5 வரை 17, 21.5 முதல் 23 வரை 17.5, அதற்கு மேல் 18 அங்குலம் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. இது தொடக்கம்தான். இடுப்புப் பக்கம் சதைப்பிடிப்பு உள்ளவர்கள் அரை அங்குலம் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சேணத்தின் அளவு என்பது முன்மேட்டின் பக்கவாட்டில் உள்ள ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடு விளிம்பு வரை குறுக்காக வரும் நீளம். முன்மேட்டின் நடுவிலிருந்து அளந்து சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

"அளவு சரி. உக்காந்து பாக்கறப்போ சரியா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

குதிரையைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தோட்டத்துக் களம் போதும், சரிவான மண்தரை வேண்டாம். ஏறி, நடு இருக்கையில் உட்கார்ந்து, அங்கவடியில் கால் வைத்த பிறகு, பின்னால் நிற்பவர் உங்கள் பிட்டத்துக்கும் பின்மேட்டு விளிம்புக்கும் நடுவே கையைத் தட்டையாக வைத்துப் பார்க்கட்டும். நாலு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் இருக்கை சிறிது. இரண்டு கையும் போகிறது என்றால் பெரிது. முன்மேட்டுப் பக்கம் இரண்டு மூன்று விரல் இடம் போதும்.

அடுத்து முழங்கால். அங்கவடி சரியான நீளத்தில் இருக்கும்போது முழங்கால் மடலின் முன்விளிம்புக்கு இரண்டு மூன்று விரல் உள்ளே நிற்க வேண்டும். தொடை நீளமானவர்களுக்கு நாலு விரல் சோதனை தேறினாலும் முழங்கால் மடலைத் தாண்டிவிடும். அவர்களுக்கு வேண்டியது முன்னால் சாய்த்து வெட்டிய மடல். பெரிய இருக்கை வாங்கினால் இது தீராது. மடலின் கீழ்விளிம்பு பூட்ஸின் மேல்விளிம்போடு ஒரே உயரத்தில் முடிந்தால், ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் கொக்கி போல மாட்டும். மடல் கெண்டைக்கால் சதையின் மேல்பகுதி வரை வர வேண்டும்.

பிறகு நடையிலும் ஓட்டத்திலும் குறைந்தது இருபது நிமிடம் ஏறிப் பாருங்கள். கடை மர ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்வதில் பாதிதான் உண்மை.

"அங்கவடி எவ்வளவு நீளம் வெக்கோணுங்க?"

ஏறும் முன் ஒரு தோராயம்: அங்கவடி வார் மாட்டிய கம்பியில் நடுவிரல் நுனியை வைத்து, இன்னொரு கையால் அங்கவடியை உங்கள் அக்குள் பக்கம் இழுங்கள். வார் இறுகி நிற்கையில் அங்கவடியின் அடி அக்குளைத் தொட்டால் ஏறத்தாழச் சரி.

ஏறிய பிறகு இரு கால்களையும் வெளியே எடுத்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பாதம் வைக்கும் தட்டு கணுக்கால் எலும்பில் தட்ட வேண்டும். சாதாரண சவாரிக்கும் பழகுகிறவர்களுக்கும் இதுவே போதும். தடை தாண்டுவதற்கு இரண்டு மூன்று துளை ஏற்ற வேண்டும். டிரெஸ்ஸாஜ் எனப்படும் நிதானமான நடையொழுங்குப் பயிற்சிக்கு ஒன்றிரண்டு துளை இறக்கலாம். குதிரைப் பந்தயத்தில் ஜாக்கிகள் மடித்து உட்காருவதைப் பார்த்துவிட்டு ஏற்றிக் கட்டிக்கொள்ளும் பையன்கள் உண்டு. அவர்கள் இருக்கையில் உட்காருவதே இல்லை, அது வேறு சேணம், வேறு வேலை.

நீளம் அதிகமாக இருந்தால் பாதம் அங்கவடியைத் தேடி நுனிவிரலில் நீளும், குதிகால் மேலே ஏறும், ஆள் முன்னால் கவிழ்வார். குறைவாக இருந்தால் முழங்கால் கூர்மையாக மடங்கி, பிட்டம் பின்மேட்டுக்குத் தள்ளப்படும். இருக்கை சிறிது என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் அங்கவடிதான் இரண்டு துளை ஏறிக் கிடக்கிறது. நாலு விரல் சோதனையை அங்கவடி சரிசெய்த பிறகே செய்யுங்கள்.

"செருப்புப் போட்டுட்டு ஏறலாமுங்களா? அங்கவடி அகலம் எல்லாம் பாக்கோணுமா?"

செருப்பு வேண்டாம். குதி இல்லாத கேன்வாஸ் ஷூவும் வேண்டாம். பாதம் முழுசாக அங்கவடிக்குள் வழுக்கி நுழைந்துவிட்டால் விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு போகும். அரை அங்குலத்துக்குக் குறையாத குதி, வழுவழுப்பான அடிப்பாகம், பெரிய பள்ளமும் மேடும் இல்லாத ஷூ என்றால் போதும். மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் அடியில் மாட்டிக்கொள்ளும்.

அங்கவடியின் உள்ளகலம், ஷூ போட்ட பாதத்தின் மிக அகலமான இடத்தைவிட ஓர் அங்குலம் அதிகம் இருக்க வேண்டும். பக்கத்துக்கு அரை அங்குலம். அதற்குக் குறைந்தால் பாதம் சிக்கும். ரொம்ப அகலமானால் உள்ளே நழுவும். பெரியவர் அங்கவடியைக் குழந்தைக்குக் கொடுப்பதில் உள்ள ஆபத்தும் அதுதான்.

இன்னொன்று: அங்கவடி வார் மாட்டும் கம்பியின் முனையில் மடக்கக்கூடிய ஒரு சிறு கொக்கி இருக்கும். ஏறும்போது அது மடங்காமல் நேராக, திறந்தே இருக்க வேண்டும். மடக்கி மூடினால், விழும்போது வார் கழன்று வராது. வார் நழுவுகிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கும் சேணங்களைக் கண்டால் முதலில் அந்தக் கட்டை அவிழுங்கள்.

"அரை மணி நேரம் ஏறினாலே முட்டி நோவுதுங்க. வயசாயிருச்சுங்களா?"

வயதைச் சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். அங்கவடி குட்டையாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அங்கவடி வார் முறுக்கிக்கொண்டு அங்கவடியை எப்போதும் நேராக இழுத்தால், அதை எதிர்த்துப் பாதத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அப்போது முட்டியின் வெளிப்பக்கமும் கணுக்காலும் வலிக்கும். புது வாரில் இது அதிகம். ஏறாத நேரத்தில் அங்கவடியைத் திருப்பி, அதற்குள் ஒரு தடியைக் குறுக்கே விட்டு இரவு முழுக்க நிறுத்தினால் வார் அந்தத் திருப்பத்துக்குப் பழகும்.

மூன்றாவது, இடுக்கு அகலமாக இருப்பது. தொடை விரிந்தே கிடப்பதால் முட்டியின் உட்பக்கமும் இடுப்பு மூட்டும் வலிக்கும். இறங்கி நடக்கும்போது முதல் பத்தடி கால் அகட்டி நடப்பது இதன் அடையாளம். அங்கவடியை மாற்றி இது தீராது. சேணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

"நான் ஏறினா நாற்காலில உக்காந்தாட்ட காலு முன்னாடி போயிருது. வாத்தியாரு காலைப் பின்னால வை, பின்னால வைன்னு கத்தறாரு."

பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். குதிகால் அந்தக் கோட்டுக்கு முன்னால் போனால், குறை பழக்கத்தில் இருக்கலாம், சேணத்திலும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அங்கவடியை விட்டுவிட்டுக் காலைத் தொங்கவிடுங்கள். இப்போது கால் இடுப்புக்கு நேர்கீழே வருகிறதென்றால், அங்கவடி மாட்டும் கம்பி உங்களுக்கு முன்னால் தள்ளி இருக்கிறது. வாத்தியார் எவ்வளவு கத்தினாலும் கால் அங்கவடி தொங்கும் இடத்துக்குத்தான் போகும்.

அங்கவடியை விட்ட பிறகும் கால் முன்னால்தான் போகிறதென்றால் சேணம் பின்னால் சரிந்திருக்கலாம். குதிரையைக் களத்தில் நிறுத்தி, வயிற்று வாரை இறுக்கி, இருக்கையில் ஒரு கோலிக்குண்டை விடுங்கள். அது போய் நிற்கும் இடம்தான் இருக்கையின் தாழ்ந்த புள்ளி. இருக்கையின் நடுவில் நின்றால் நல்லது. பின்மேட்டுப் பக்கம் ஓடினால் நீங்களும் அங்கேதான் ஓடுவீர்கள். அடிமெத்தையின் பின்பாதியில் கம்பளி அமுங்கிப் போயிருக்கும். அதைத் திரும்ப அடைக்க வேண்டும். அடைக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். மெத்தை தைப்பவரிடம் பஞ்சு வைக்கச் சொன்னால் கட்டி கட்டியாகி முதுகில் புண் வரும்.

"எனக்கு நேர் எதிருங்க. முன்னாடி சறுக்கி முன்மேட்டுல போய் இடிக்கறேன்."

மேலே சொன்ன கோலிக்குண்டு முன்னால் ஓடுகிறதா பாருங்கள். மார்வாரி, கத்தியவாரி, நம் ஊர் நாட்டுக் குதிரை போன்ற ஒடுக்கமான உடம்புக்கு அகலச் சட்டமுள்ள சேணத்தைப் போட்டால், முன்பக்கம் அப்படியே கீழே இறங்கிவிடும். இருக்கை முன்னால் சரிந்து, ஏறுபவரின் எடை முழுக்க முன்மேட்டுக்கு வரும். முன்மேட்டின் அடிப்பாகத்துக்கும் பிடரி முடிவில் உள்ள தோள்மேட்டு எலும்புக்கும் நடுவே, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அன்றைக்குச் சவாரியை நிறுத்திவிடுவதே நல்லது.

இன்னொரு காரணம், சேணத்தைத் தோள்பட்டை எலும்பின் மேலேயே வைத்துக் கட்டுவது. முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னால் இழுத்து, தோள்பட்டைக்குப் பின் தானாகத் தங்கும் இடத்தில் விடுங்கள். அடிமெத்தையின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது.

"பொம்பளைங்களுக்குத் தனிச் சேணம் இருக்குதுங்களா, இல்ல விக்கறதுக்குச் சொல்றாங்களா?"

இரண்டும் உண்டு. பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக அகலம், உட்காரும் எலும்புகள் இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். முன்பக்கத்து எலும்பு வளைவும் அகன்று தாழ்ந்திருக்கும். ஆண்களுக்கு வாகான சேணத்தில் அந்த முன்பக்கம் போய் அழுத்தும். அதனால் பல பெண்களுக்கு இருக்கையின் பின்பாதி அகலமாகவும், தொடைக்கு நடுவே வரும் இடுக்கு ஒடுக்கமாகவும் இருந்தால் நிம்மதி. முன்பக்கம் எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது வலி, தோல் உரிவது என்று வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பொறுத்துப் போகாதீர்கள். அதைப் பழகிக்கொள்ளவே முடியாது. சேணத்தை மாற்ற வேண்டியதுதான்.

இடுக்கின் அகலமும் குதிரைக்கான சட்டத்தின் அகலமும் வேறு வேறு. அகலமான குதிரைக்கு ஒடுங்கிய இடுக்குள்ள சேணம் கிடைக்கும். அதே சமயம் பெண்களுக்கானது என்ற சீட்டு ஒட்டியிருப்பதால் மட்டும் உங்களுக்குப் பொருந்திவிடாது. ஒடுங்கிய இடுப்புள்ள பெண்களும் அகன்ற இடுப்புள்ள ஆண்களும் இருக்கிறார்கள்.

"இடது காலு மட்டும் நீளமாத் தொங்குதுங்க. என்ற காலு கோணலா?"

கால் இருக்கட்டும், முதலில் வாரை அளங்கள். இரண்டு அங்கவடி வாரையும் கழற்றி, பக்கிளையும் துளைகளையும் ஒட்ட வைத்துப் பாருங்கள். எல்லோரும் இடப்பக்கமே ஏறுவதால் இடது வார் இழுபட்டு நீண்டிருக்கும். துளை எண் ஒன்றாக இருந்தாலும் நீளம் ஒன்றாக இராது. வாரம் ஒருமுறை வார்களைப் பக்கம் மாற்றி மாட்டுங்கள். தரையிலிருந்து தாவி ஏறாமல் திண்ணையோ கல்லோ வைத்து ஏறினால் வாரும் நீளாது, சேணமும் கோணாது, குதிரையின் முதுகும் முறுக்காது.

வார்கள் சமமாக இருந்தும் சரியில்லை என்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

"எட்டு வயசுப் பையன். என்ற சேணத்துலயே உக்கார வெச்சுப் பழக்கலாமுங்களா?"

லாயக்காரர் கயிறு பிடித்து நடத்த, பத்து நிமிடம் என்றால் பரவாயில்லை. பழக்குவது என்றால் கூடாது. 17 அங்குல இருக்கையில் குழந்தை முன்னும் பின்னும் அலையும். பெரியவர் மடல் அவன் பாதம் வரை தொங்குவதால் கால் குதிரையின் உடம்பில் படவே படாது. கால் அழுத்தம் குதிரைக்குத் தெரியாதபோது பையன் கடிவாளத்தைத்தான் பிடித்து இழுக்கப் பழகுவான்.

வாரைக் குட்டையாக்க அங்கவடியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி விடுவதைப் பார்க்கிறோம். அந்த முடிச்சு முட்டியின் உட்பக்கம் அழுத்தும், விழும்போது வார் கழலாது. குழந்தை வாரும் சிறிய அங்கவடியும் தனியாகக் கிடைக்கும். அதையாவது வாங்குங்கள். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டிச் சேணம் வாங்க வேண்டாம். அரை அங்குலம் கூட்டினால் போதும்.

"எங்கூட்ல ஒரே குதிரை, நான், ஊட்டுக்காரரு, பொண்ணு மூணு பேரும் ஏறுறோம். ஒரே சேணத்துல சமாளிக்க வழியிருக்குதுங்களா?"

பெரிய ஆளுக்குப் பொருந்தும் இருக்கையை எடுங்கள். அரை அங்குலம் பெரிய இருக்கையில் சின்ன ஆள் சமாளிக்கலாம், சிறிய இருக்கையில் பெரிய ஆளால் முடியாது. ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சமாளிப்பு இல்லை, இரண்டு சேணம்தான். ஆளுக்கொரு ஜோடி அங்கவடியும் வாரும் வைத்துக்கொண்டு கம்பியிலிருந்து மாற்றி மாட்டுவது ஒரு நிமிட வேலை. துளையை மாற்ற மறந்து ஏறும் தொல்லையும் இல்லை.

"சேணம் கொஞ்சம் கெட்டியா இருக்குது. மேல ஒரு ஜெல் மெத்தை, கீழ ரெண்டு துணி போட்டா சரியாயிருமுங்களா?"

மேலே போடும் மெத்தை உட்காரும் எலும்பின் வலியைக் குறைக்கும். அதற்கு மட்டும் அது உதவும். ஏற்கெனவே சிறிதான இருக்கையை அது இன்னும் சிறிதாக்கும். உங்களை அரை அங்குலம் உயர்த்துவதால் அங்கவடி ஒரு துளை குட்டையானது போலாகும். எனவே மெத்தை போட்டால் அங்கவடியைத் திரும்பப் பாருங்கள்.

கீழே கனமான துணி போடுவது வேறு கதை. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவதைப் போன்றது அது. பொருந்தும் சேணத்துக்கு வியர்வை உறிஞ்ச ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும். துணியை முன்மேட்டின் பள்ளத்துக்குள் தூக்கிவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் தோள்மேட்டை இழுத்து அழுத்தும்.

"தொடை உராஞ்சு புண்ணாகுது. சேணத்துல கோளாறா, துணியிலயா?"

ஜீன்ஸ் போட்டிருந்தால் துணியில். அதன் உள்தொடைத் தையல் இரட்டை மடிப்பு, சரியாக அழுத்தும் இடத்தில் வரும். உட்புறம் தையல் இல்லாத, கெட்டியான, உடம்போடு ஒட்டும் கால்சட்டை வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வியர்வை காய்ந்து உப்புப் படிந்த கால்சட்டையை மறுநாளும் போட்டால் புண் நிச்சயம். வேட்டியை மடித்துக் கட்டி ஏறுகிறவர்கள் சேணம் இல்லாமல் வெறும் முதுகில் ஏறுவது வழக்கம். சேணத்தில் வேட்டி சுருண்டு கயிறாகிவிடும்.

கெண்டைக்காலின் உட்பக்கம் கிள்ளினது போல் கன்றினால் அது அங்கவடி வாரின் வேலை. முட்டிக்குக் கீழே மாட்டும் தோல் காலுறை தீர்வு. பக்கிள் தொடைக்கடியில் உறுத்தினால், வாரைக் கீழே இழுத்துப் பக்கிளைக் கம்பி வரை மேலே ஏற்றிவிடுங்கள்.

"வெஸ்டர்ன் சேணம் சொகுசுன்னு சொல்றாங்களே?"

வெஸ்டர்ன் என்பது அமெரிக்க கவ்பாய்கள் பாணிச் சேணம். நீண்ட நேரம் நடைச் சவாரிக்குச் சொகுசுதான். ஆனால் அளவு முறை வேறு. ஆங்கிலப் பாணியில் 17 அங்குலம் என்றால் வெஸ்டர்னில் ஏறத்தாழ 15. தொடைக்கும் சேணத்தின் முன்னால் புடைத்திருக்கும் பகுதிக்கும் நடுவே மூன்று நாலு விரல் இடம் பாருங்கள். எடை 12 கிலோவுக்கு மேல் போகும், சில 20 கிலோவைத் தொடும். நீளமும் அதிகம். குட்டையான முதுகுள்ள குதிரைக்கு அது விலாவைத் தாண்டி இடுப்பில் உட்காரும்.

"நான் 95 கிலோங்க. பெரிய சேணமா வாங்கிட்டாச் சரியாப் போயிருங்களா?"

சேணத்தைப் பற்றிப் பேசும் முன் குதிரையை அளக்க வேண்டும். முழங்கைக்குப் பின்னால் மார்பைச் சுற்றி செ.மீ. அளவு எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். மார்புச் சுற்று 160, நீளம் 150 என்றால் ஏறத்தாழ 323 கிலோ. சேணத்தையும் சேர்த்துக் குதிரை எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலான வரம்பு. இந்தக் குதிரைக்கு அது 65 கிலோ. 95 கிலோ ஆளும் 8 கிலோ சேணமும் சேர்ந்தால் 103. அதற்கு 515 கிலோ குதிரை வேண்டும்.

குதிரை தாங்கும் என்றால், 18 அங்குல இருக்கையும் அகலமான அடிமெத்தையும் எடையைப் பரப்பும். ஆனால் அந்த அடிமெத்தை குதிரையின் முதுகு நீளத்துக்குள் அடங்க வேண்டும். கடைசி விலா எல்லையை முன்பே சொன்னோம். ஏறுபவருக்கு 18 வேண்டும், முதுகு 17-தான் தாங்கும் என்றால் ஜோடி பொருந்தவில்லை. இதை வியாபாரி சொல்ல மாட்டார்.

"பழைய சேணம் ஒண்ணு பாதி வெலைக்கு வருதுங்க. என்னத்தப் பாத்து வாங்கோணும்?"

உள்சட்டம்தான் முதலில். பின்மேட்டை வயிற்றில் முட்டுக் கொடுத்து, முன்மேட்டை இரு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் வைத்த சட்டம் என்றால் லேசாக நெளிந்து திரும்பும். நடுவில் தோல் சுருங்கி மடிந்தாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலோ சட்டம் உடைந்திருக்கிறது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். முன்மேட்டின் இரு கால்களையும் முட்டிகளுக்கிடையே வைத்து நெருக்கிப் பாருங்கள், அது அசையவே கூடாது.

பிறகு கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: அடிமெத்தையின் இரு பக்கமும் ஒரே கனமா, நடுப் பள்ளம் நேராக ஓடுகிறதா? வயிற்று வார் மாட்டும் தோல் பட்டைகளில் துளைகள் நீண்டு கிழிந்திருக்கிறதா? பட்டைகளை மாற்றலாம், செலவு சிறிது. இருக்கை ஒரு பக்கமாகக் குழிந்திருந்தால் முந்தைய ஆள் கோணி உட்கார்ந்தவர். அந்தக் குழி உங்களையும் அங்கேயே இழுக்கும்.

"ஆன்லைன்ல வாங்கலாமுங்களா?"

நம் நாட்டுச் சேணங்களில் பெரும்பங்கு கான்பூரில் தயாராகிறது. அங்கே தரத்தில் மேலானதும் உண்டு, காட்சிக்கு மட்டும் ஆனதும் உண்டு, படத்தில் இரண்டும் ஒன்றுதான். இருக்கை அளவு, சட்டத்தின் அகலம், மடல் நீளம், எடை நான்கையும் எழுதி வாங்குங்கள். வந்ததும் அளந்து பாருங்கள். திருப்பி அனுப்ப முடியாது என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். சோதிக்கும்போது வியர்வைக் கறை படாமல் கீழே சுத்தமான துணி போடுங்கள்.

"புதுச் சேணம் உறுத்துது. எண்ணெய் போட்டுப் பழக்கினா சரியாயிரும்னு சொல்றாங்க."

தோலின் விறைப்பு, கிறீச் சத்தம், வழுக்கல் இவை பழகப் பழகத் தீரும். இருக்கை நீளம், இடுக்கு, கம்பி இருக்கும் இடம் இவை சட்டத்தில் இருப்பவை, எத்தனை வருடம் ஏறினாலும் மாறா. எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்து, அங்கவடி வார் நீளும். ஏறிய பின் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, கிளிசரின் சோப்புத் தடவினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பூத்தால் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலிலும் அடுப்போரத்திலும் வைத்தால் தோல் வெடிக்கும்.

"எல்லாம் பாத்தாச்சுங்க. ஆனா நான் ஏறினா சேணம் வலப்பக்கமாவே சாயுது. குதிரையா, சேணமா, நானா?"

ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், இரண்டை ஒன்றாக மாற்ற வேண்டாம். முதலில் வயிற்று வார்: கட்டும்போது ஒருமுறை, ஏறியதும் ஒருமுறை, ஐந்து நிமிட நடைக்குப் பின் ஒருமுறை இறுக்க வேண்டும். அடுத்து அதே சேணம், அதே குதிரை, வேறு ஆள். சாயவில்லை என்றால் காரணம் நீங்கள். ஒரு பக்கம் உட்காரும் எலும்பில் எடை கூடுதலாக விழுகிறது. சமமான பெஞ்சில் இரு உள்ளங்கைகளின் மேலும் உட்கார்ந்து பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அங்கவடி இல்லாமல், கயிற்றில் வட்டமிட வைத்துப் பயிற்சி எடுங்கள்.

வேறு ஆளுக்கும் சாய்ந்தால் அதே குதிரைக்கு வேறு சேணம். சாய்வு நின்றால் பழைய சேணத்தின் சட்டமோ அடிமெத்தையோ கோணல். வேறு ஆள், வேறு சேணம், அப்போதும் அதே பக்கம் சாய்கிறது என்றால் குதிரையில்தான். பின்னால் நின்று இரு தோள்பட்டைச் சதையும் சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் பெருத்திருந்தால் சேணம் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பின்னங்காலில் கண்ணுக்குத் தெரியாத அளவு நொண்டல் இருந்தாலும் சேணம் ஒரே பக்கம் வழுக்கும். அதைச் சேணம் தைப்பவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரிடமோ போங்கள். போகும்போது பின்னாலிருந்து எடுத்த வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும்: கெட்டித் தரையில் நேராக நடந்து போவது, திரும்பி ஓட்டத்தில் வருவது, ஆள் ஏறியும் ஏறாமலும்.